இட்லித் தட்டில் விரித்த துணி

உங்கள் மழைக்கோட்டில் தண்ணீர் ஏன் ஒட்டாமல் உருண்டோடுகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? அன்புக்கரசியும் யோசித்ததில்லை. அவிநாசிக்குப் பக்கத்து ஆலையொன்றில் பதினோரு வருடமாக அந்தத் துணியை மருந்தில் நனைத்துச் சூட்டில் காயவைப்பவள் அவள்தான்.

கழித்துப்போட்ட துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். மாவு ஒட்டாத துணி. இட்லித் தட்டுக்கு வேறென்ன வேண்டும்? தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கிருபாவுக்கும் தினமும் அந்தத் துணியில் வெந்த இட்லிதான்.

ஐந்து வருடத்தில் அன்புக்கரசிக்குப் பதினெட்டு கிலோ ஏறியிருந்தது. ஆலையின் மருத்துவ முகாமில் மருத்துவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சோத்தைக் கொறைங்கம்மா."

"ரெண்டு நேரந்தானுங்க திங்கறேன்."

"அந்த ரெண்டையுங் கொறைங்க."

வரிசையே சிரித்தது.

அந்த வாரம் கிருபா கைபேசியில் ஒரு கட்டுரை படித்தாள். தண்ணீர் ஒட்டாதிருக்கத் துணியில் ஏற்றும் வேதிப்பொருட்களில் சில உடலில் வருடக்கணக்கில் தங்குமாம். ஆய்வுக்கூடத்தில் அவை இளம் செல்களைக் கொழுப்புச் செல்களாக வளரத் தூண்டியிருக்கின்றனவாம். தாயின் இரத்தத்திலிருந்து கருவுக்கும் போகுமாம்.

"அம்மா, நம்ம இட்லித் துணி..."

அன்புக்கரசி இட்லி வெந்துகொண்டிருந்த தட்டிலிருந்து துணியை உருவி எறிந்தாள். ஆனால் ஆலையில் இருப்பது அந்தப் பொருள்தானா? மருந்து வரும் டிரம்மில் பெயர்ச்சீட்டைச் சுரண்டியிருந்தார்கள். மேற்பார்வையாளர் நவநீத்திடம் போனாள்.

"ஏனுங்க, அந்த டிரம்முல என்னங்க இருக்குது?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க அம்மணி? சொந்தமா மில்லு போடறீங்களா?"

"எம்புள்ள ஏழு மாசமுங்க. பேரை மட்டும் சொல்லிப்போடுங்க."

"கம்பெனி ரகசியமுங்க. போய் வேலையப் பாருங்க."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் அவளைத் தரை கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

அவள் எடை அந்த மருந்தால்தான் ஏறியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவள் இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. அப்படியானால் சோற்றால்தான் என்று அந்த மருத்துவர் எதை வைத்துச் சொன்னார்? பதினோரு வருடம் அதில் கையை விட்டுக் கலக்கியவளுக்கே சொல்லக் கூடாத ரகசியம் என்பது எந்த ஊர் நியாயம்?

கிருபாவுக்கு இப்போது எட்டாம் மாதம். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்ல அவளிடம் ஒரு பெயர்கூட இல்லை. அன்புக்கரசி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஒற்றை ஆளாக.

ஆலை வேலைக்குப் போகிறவரா நீங்கள்? நாளைக் காலை உள்ளே நுழைந்ததும் டிரம்மில் இருப்பதன் பெயரைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.