என் வேண்டுதலை நடந்து முடித்த அக்கா

நயாபைசா புழக்கத்துக்கு வந்து, பழைய காசுக்கும் புதுக் காசுக்கும் கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வருடத் தைப்பூசத்துக்கு, கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு நடந்து போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் வழியில் நாலு பேரிடம் வாயாடிவிட்டுத்தான் போவேன். அப்படிப்பட்டவள் செருப்பில்லாமல், விரதம் இருந்து, பழனிவரை நடக்கத் துணிந்ததற்குக் காரணம் என் மகன்.

மூன்று வயதாகியும் அவனுக்கு நடை வரவில்லை. தவழ்வான், சுவரைப் பிடித்து நிற்பான், கையை விட்டால் உட்கார்ந்துவிடுவான். எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம். மணலில் குழி தோண்டி நிற்க வைத்துப் பார்த்தோம். கடைசியில், "என் பிள்ளை நடந்தால், உன் மலைக்கு நான் நடந்தே வந்து வெள்ளிப் பாதம் செலுத்துகிறேன்" என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அந்த ஆடியில் பிள்ளை நடந்தான். தையில் நான் நடந்தாக வேண்டும். சொன்ன வாக்கைத் தவறினால் கொடுத்த கால்களைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று மனசார நம்பினேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பெற்றவளுக்கு வராது.

பிள்ளையைக் கணவரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டு, வெள்ளிப் பாதத்தை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் கூட்டத்தை நடத்திப் போனவர் என் கணவரின் சித்தப்பா. பல வருடம் காவடி எடுத்தவர். புதுக்கோட்டை தாண்டி, சித்தன்னவாசல் பக்கம் ஒரு குறுக்குப் பாதையில் போகும்போது கருவேல முள் ஒன்று என் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அன்னவாசலைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் மறுநாள் மதியச் சாப்பாடு. அங்கே ஒரு விவசாயி வீட்டில், பூசத்துக்கு முந்திய நாட்களில் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். அவர் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கமாம். பேரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. வீட்டை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட்டு வரிசையாக உட்கார வைத்து, மொச்சையும் பூசணியும் போட்ட குழம்பு, ரசம், மோர் என்று வயிறு நிறையப் போட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுந்தால் கால் தரையில் ஊன்றவில்லை. அப்படியே சரிந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர் எருக்கம்பால் வைத்து முள்ளை நெம்பி எடுத்தார். முள் வந்ததே தவிர வீக்கம் வற்றவில்லை. கணுக்காலுக்கு மேலே வரை ஏறியிருந்தது. நான் மாமா என்று கூப்பிடும் அந்தச் சித்தப்பா பார்த்துவிட்டு, "இந்தக் காலோட ஒரு மைல் நடக்க மாட்ட. பஸ்ல ஏத்தி விடுறேன், வீட்டுக்குப் போ ஆத்தா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

"பஸ்ல போறேன்னு நான் வேண்டிக்கிடல மாமா. நடக்கிறேன்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அடுத்த தை வருவதற்குள் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் எனக்கு. பந்தலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

அடுப்படியிலிருந்து அந்த வீட்டு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். புகை பட்டுக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் கையால் ஆக்கியதைத்தான் அத்தனை நேரம் சாப்பிட்டோம், ஆனால் அவள் முகத்தை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

"ஏன் பெரியவரே, அவ வேண்டுதல வேற ஒருத்தி நடந்து செலுத்தினா ஆகாதாங்க?" என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா யோசித்தார். "நேந்துக்கிட்டவ பேரச் சொல்லிச் செலுத்தினா ஆகும். ஆனா, விரதம் இருந்த ஒடம்பா இருக்கணுமே. இந்நேரத்துக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். சாமிக்கு நடக்கிறவுகளுக்கு ஆக்கிப் போடுற கை, கவிச்சி தொடலாமா? மார்கழி பொறந்ததுலேருந்து நானும் விரதந்தான்." பிறகு என்னிடம் திரும்பினாள். "நான் ஒனக்காக நடக்குறேன். நீ எனக்காக அடுப்பப் பாத்துக்கிறியா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பழனிக்குப் போறவுகளுக்கு ஆக்கிப் போடுறேன். நான் அந்த மலையக் கண்ணால கண்டதில்ல. பூசம் வந்தா அடுப்ப விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

எல்லோரும் அவள் கணவரைப் பார்த்தார்கள். அவர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரியான மனிதர். எருக்கம்பால் பட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

மஞ்சள் முடிப்பை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என் பிள்ளையின் காலையே கொடுக்கிற மாதிரி இருந்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கூட்டத்தோடு படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுப்பைத் திரும்பிப் பார்த்தால் போக மனம் வராது என்று பயந்திருப்பாள் போலிருக்கிறது.

அடுத்த வீட்டில் இருந்த அவள் நாத்தனார் எனக்குத் துணைக்கு வந்து படுத்துக்கொண்டார். பகலில் பாத்திரம் தூக்கிக் கொடுப்பதும் அவர்தான். நான் முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு முக்காலியில் ராஜா வீட்டுப் பெண் மாதிரி நீட்டிக்கொண்டு, அண்டா நிறையக் குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டில் ஏழு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. முதல் நாள் ரசத்தில் உப்பைக் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மானம் போயிற்று.

காலையில் அடுப்பு மூட்டினால் பொழுது சாயும்வரை கூட்டம் மாறிமாறி வந்துகொண்டேயிருந்தது. கடைசிப் பந்தி எழுந்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, அடுப்படியிலேயே நாத்தனாரும் நானும் சாப்பிட்டோம். வந்தவர்கள் நல்லவர்கள்தான். "மகராசியா இருக்கணும்" என்று பந்தலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அடுப்படிப் பக்கம் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது, இதே பந்தலில் நானும் அப்படித்தானே சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஆக்கிப் போட்டிருக்கிறாளே என்று அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன்.

பூசம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. கையில் பஞ்சாமிர்தமும் விபூதியும் இருந்தன. என் கால் வீக்கம் ஓரளவு வற்றியிருந்தது. நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

"செலுத்தியாச்சு. ஒன் பேரையும் ஒம் மகன் பேரையும் சத்தமாச் சொல்லித்தான் உண்டியல்ல போட்டேன். கவலப்படாத" என்று என் நெற்றியில் விபூதி பூசினாள். எனக்கு உயிர் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"மலை எப்படி இருந்துச்சுக்கா? சாமியக் கிட்டக்கப் பாத்தீங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"இருந்துச்சு. கூட்டம் நெரிசல். பாத்தேன்" என்றாள். அதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு அவளாகவே பேசினாள். "வழியெல்லாம் ஒக்கார வச்சு எலை போட்டாக தாயி. 'இன்னுங் கொஞ்சம் வச்சுக்க ஆத்தா'ன்னு கேட்டுக் கேட்டுப் போட்டாக. முத எடத்துல எனக்குச் சோறு எறங்கல. அழுகையா வந்துருச்சு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து என்னைய அப்படி ஒருத்தரும் கேட்டதில்லயே."

குறையாகச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்வது மாதிரிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். நிலைப்படி அருகே அவள் கணவர் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் கொல்லைப்பக்கம் போனார். வாழை இலை ஒன்றோடு திரும்பி வந்தார். அதை அவள் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தார். நான் எழப்போனேன், "நீ இரும்மா" என்று கையைக் காட்டிவிட்டு, அவரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கி வந்தார். அவருக்குப் பரிமாறிப் பழக்கமில்லை. சோறு இலைக்கு வெளியேயும் விழுந்தது. அவள் கூச்சத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குழம்பை ஊற்றிவிட்டு அவர் குனிந்தபடியே கேட்டார். "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

மறுநாள் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கணவரின் கையை உதறிவிட்டு என் மகன் மண் ரோட்டில் ஓடி வந்தான். நொண்டியது நான்தான்.

அவன் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அவன் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முருகன் நினைவு வருகிறதோ இல்லையோ, சிவந்த கண்களோடு அடுப்படியிலிருந்து எழுந்து வந்த அந்த அக்காவின் நினைவு வரும். எந்த வீட்டு விருந்தானாலும் சரி, எந்தக் கோயில் அன்னதானமானாலும் சரி, அடுப்படியை எட்டிப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் நான் இன்றுவரை கை கழுவியதில்லை.