திவ்யா சொன்ன வாக்கியம்

சுமதி என் பாடத்தைத் திருடிவிட்டாள்.

ஆசிரியர் பயிற்சியில் என் தோழி. இப்போது அவள் பெரிய தனியார் பள்ளியில். நான் திருவேற்காடு பக்கம் அரசுப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

காலையில் ஷேர் ஆட்டோவில் தன் வைரல் வீடியோவைக் காட்டினாள். பிள்ளைகள் களிமண்ணில் ஊர் செய்து, தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். நான் என் பிள்ளைகளோடு செய்துவிட்டு அவளிடம் சொன்ன புவியியல் வகுப்பு அது. எனக்குக் கிடைத்தது, சீருடை அழுக்கானதென்று தலைமையாசிரியையின் திட்டு. அவளுக்கு விருதாம். வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

வீடியோவுக்குத் தலைப்பு: "மழ வந்தா தண்ணி மொதல்ல எங்க ஊட்டுக்குத்தான் வரும் மிஸ்."

அது என் வகுப்பு திவ்யா அன்று சொன்னது; அதையும் சுமதியிடம் நான்தான் சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர் நிற்கும்.

"எல்லாரும் செம க்யூட்டுனு சொல்றாங்கடி."

"முட்டி வரைக்கும் தண்ணி. அதுல என்னடி க்யூட்டு?"

"உனக்குப் பொறாம. ஒரு லைக் போடு."

குமணன்சாவடியில் இறங்கிப் போய்விட்டாள்.

பொறாமைதான். ஆனாலும் மெசேஜ் அனுப்பினேன்: "எம்பேரு வேணாம். திவ்யா பேரப் போடு."

நீல டிக் விழுந்து ஆறு மணி நேரம் ஆகிறது.

நீங்களாவது அந்த வீடியோவுக்குக் கீழே போய்க் கேளுங்கள்: அந்த வீடு எங்கே இருக்கிறது, டீச்சர்?