லாடம் கழற்றிய தைப்பூசம்

பிரிக்பீல்ட்ஸில் நான் குதிரைவண்டி ஓட்டிய காலத்தில் என்னிடம் இருந்தது, பந்தயத்தில் ஓடிக் கழித்துவிடப்பட்ட ஓர் ஆஸ்திரேலியாப் பெண்குதிரை. முகம் மகாராணி முகம். பாதம் மட்டும் பச்சைக் குழந்தையின் பாதம். குளம்பின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போகும், அவ்வளவு மெலிசு. ஒரு சரளைக்கல் தட்டுப்பட்டால் போதும், தலையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு நின்றுவிடும்.

அதனால் உபசாரம் அதிகம். லாயத்தில் மரத்தூள் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுவேன். ஈரத்தில் நின்றால் அடி இன்னும் இளகிப் போகும். காலையில் முருகனுக்கு விளக்கேற்றிய கையோடு நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்வேன்.

"எனக்கு ஒரு நாளாவது கால் பிடிச்சு விட்டிருக்கீங்களா?" என்பாள் என் மனைவி.

அந்த வருஷம் அவளுக்குப் பிரசவம் சிக்கலாகி, இரண்டு நாள் துடித்தாள். நான் பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தால், தைப்பூசத்தன்று நடக்க முடியாதவர்களை வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்டு நானும் குதிரையும் வெறுங்காலோடு வருகிறோம் என்று. இருவரையும் அவன் காப்பாற்றிக் கொடுத்தான். சொன்ன வாக்கை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பூசத்துக்கு முதல் நாள் லாடம் அடிக்கும் ராவுத்தரிடம் குதிரையைக் கொண்டுபோனேன்.

"நாலு லாடத்தையும் கழட்டுங்க பாய்."

"உனக்கு என்ன கிறுக்கா? இது பாதம் தாங்காது."

"சாமிகிட்ட செருப்போட போவாங்களா? முருகனோட மயிலு லாடம் போட்டிருக்கா?"

"மயிலு வண்டி இழுக்குதா?" என்றார். முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினார்.

மறுநாள் விடியற்காலை, காலூன்ற முடியாத ஒரு பெரியவரையும், பால்குடத்தோடு மூச்சு வாங்கிய ஒரு பருத்த அக்காளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். செந்தூல் தாண்டும்வரை மண்பாதையில் சமாளித்தது. அதற்கப்பால் புதிதாகச் சரளை கொட்டியிருந்தார்கள். பத்தடி போயிருக்காது, குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் முருகா முருகா என்று வாரைப் பிடித்து இழுத்தேன்.

"முருகன கூப்பிட்டது போதும்ணே, கீழ குனிஞ்சு அது கால பாருங்க," என்று சொல்லிவிட்டு அக்காள் குடம் தளும்பாமல் இறங்கிக்கொண்டாள்.

பின்னால் வந்த மாட்டுவண்டியில் இருவரையும் ஏற்றிவிட்டேன். வண்டியை ஒரு கடையோரம் விட்டுவிட்டு, தலைத்துண்டைக் கிழித்துப் புல்லை வைத்துக் குளம்பில் கட்டி, ஓரமாகவே வீட்டுக்கு நடத்தி வந்தேன். எல்லாரும் மலைக்குப் போக, நாங்கள் இருவரும் எதிரே வந்தோம்.

ராவுத்தர் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. "உள்ள பழுத்துடுச்சுன்னா இது இனிமே எழும்பாது. சுட்டுடத்தான் சொல்லுவாங்க," என்றார். மயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குச் சவுக்கடியாக இருந்தது.

மூன்று வாரம் வெந்நீரில் தவிட்டைக் குழைத்துச் சாக்கில் வைத்துக் கட்டினோம். வாக்குத் தவறியதற்கு முருகன்தான் தண்டிக்கிறான் என்று நான் புலம்ப, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மனைவி சொன்னாள்:

"வேண்டிக்கிட்டது நீங்க. வாயில்லாத ஜீவன ஏன் கூட்டு சேத்தீங்க? அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் என்னமோ சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சூடு தணிந்தது. பழுக்கவில்லை. ராவுத்தர் தோட்டத்து ரப்பர் தகடு ஒன்றைக் குளம்பளவுக்கு வெட்டி, பாதத்துக்கும் லாடத்துக்கும் நடுவில் கொடுத்து அடித்தார். வாசல் சரளையில் நிறுத்தினோம். ஒரு காலை வைத்தது, யோசித்தது. இன்னொரு காலையும் வைத்தது. அப்புறம் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் புல்லுக்குப் போய்விட்டது.

"மெதுவாலா, மெதுவா," என்று ராவுத்தர் பின்னாலேயே ஓடிவந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குதிரையை லாயத்தில் விட்டு, நான் மட்டும் வெறுங்காலோடு பத்துமலைக்கு நடந்தேன். செந்தூல் தாண்டியதும் சரளை குத்தத் தொடங்கியது. கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு, முருகன் பார்த்தால் பார்க்கட்டும் என்று ஓரத்துப் புல்லில் இறங்கிக்கொண்டேன்.