துவாரகா கொடுக்காத அனுமதி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்த துவாரகா, பதுளையில் ஒரு தேயிலைக் கம்பனியின் வட்டாரக் காரியாலயத்தில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கணினியில் யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று ஒவ்வொருவருக்கும் அனுமதி வகுப்பது அவள் வேலை. தோட்ட மருந்தகப் பதிவுகளைத் தாதி ஸகீனாவும் டொக்டரும் மட்டுமே திறக்க வேண்டும் என்பது விதி.

மழைக்காலத்தில் ஒரு நாள், கொழுந்து பறிக்கும் தயானி அவளைத் தேடி வந்தாள். நிரந்தரத் தொழிலாளியாகப் பெயர் பதியவிருந்தவளை, பிறகு பார்க்கலாம் என்று திடீரெனத் தள்ளிவிட்டார்களாம்.

"உண்டாயிருக்கேன்னு என் வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் சொல்லலக்கா. ஆபீஸ்ல எப்படித் தெரிஞ்சுச்சு?"

தயானியின் மருந்தகப் பதிவை யார் திறந்தது என்று துவாரகா தேடினாள். மேலாளர் வீரசிங்கத்தின் பெயர் வந்தது. கணினியை நிறுவியவர்கள், பெரிய பதவி என்று அவருக்கு எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மருந்தகத்துக்கான அனுமதியை அவள் அப்போதே பறித்தாள். சம்பளம், கொழுந்து நிறை எல்லாவற்றையும் விட்டுவைத்தாள்.

மறுநாள் காலையிலேயே அவர் கூப்பிட்டனுப்பினார்.

"நான் இங்க மனேஜர். எனக்கே பூட்டுப் போடுறியா?"

"உங்க வேலைக்கு வேண்டியதெல்லாம் திறந்துதான் இருக்கு சேர். பொம்பளைங்க உடம்பு உங்க வேலையில்ல."

அவர் கொழும்புக்கு முறையிட்டார். தலைமைக் காரியாலயத்திலிருந்து பேசியவர், அனுமதியைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றார். போட்டுக்கொள்ளுங்கள், நான் இருக்கும்வரை நடக்காது என்று சொல்லி அவள் போனை வைத்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

விஷயம் ஸகீனாவின் காதுக்கு எட்டியது. இனி எந்தப் பெண்ணின் விவரத்தையும் கணினியில் ஏற்ற மாட்டேன் என்று அவள் டொக்டரிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். பெண்களும் மருந்தகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். டொக்டர் கொழும்போடு சண்டை பிடித்தார். கடைசியில் விதி விதியாகவே இருக்கட்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. தயானியின் பெயரும் பதிவானது.

துவாரகாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வை வீரசிங்கம் நிறுத்திவைத்திருக்கிறார். போன மாதம் தன் உதவியாளரின் பெயரில், ஒரு சின்ன அறிக்கைக்கு என்று சொல்லி, அதே பதிவுகளுக்கு மறுபடியும் அனுமதி கேட்டிருந்தார். துவாரகா மறுத்துவிட்டு, மடுல்சீமை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.