சில்லில்லாத தேர்

புவனேந்திரன் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் ஒருநாள் ஆறவிட்டுத்தான் பவளம் நம்புவாள். அவள் மேல் தப்பில்லை. கலியாணம் பேசிய காலத்தில், ஹனோவரில் பெரிய ஹோட்டல் ஒன்றின் பீங்கான், கண்ணாடிச் சாமான் அத்தனையும் தன் பொறுப்பில் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன மனிதர் அவர். வந்து பார்த்தால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

“பொறுப்பிலைதானே இருக்கு” என்றார், முழங்கை வரை நுரையோடு.

பிறகு பாண் தொழிற்சாலைக்கு மாறினார். அங்கே அவருக்குத் தோதாக ஹமீத் என்ற ஈரானியர் வந்து சேர்ந்தார். பாலைவனத்து நகரமான யஸ்த் அவருடைய ஊர். இரண்டு பேருமாகச் சேர்ந்து, காலையில் வணக்கம் சொன்னால் மாவு நன்றாகப் பொங்கும் என்று புதிதாக வந்த மேற்பார்வையாளனை நம்பவைத்தார்கள். பாவம், அந்த ஜெர்மன்காரன் ஒரு கிழமை முழுக்க மாவுத் தொட்டிக்குக் குனிந்து ‘குட்டன் மோர்கன்’ சொன்னான்.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் புவனேந்திரன் விளையாடியதில்லை. ஹனோவர்க் கோயில் தேர் ஓடும்போது சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறவர் அவர்தான். தேர் அசைந்துவிட்டால் முகத்தில் சிரிப்பே இராது. உருளும் சில்லைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். இதைப் பவளம் ஒவ்வொரு வருசமும் கண்டிருக்கிறாள். ஆனால் கணக்கில் எடுக்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்த சூட்டோடு, ஹமீதின் தம்பி மகளின் கலியாணத்துக்கென்று யஸ்துக்குப் போனார். வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்காததால் பவளம் நின்றுவிட்டாள். திரும்பி வந்தவர் பெட்டியைத் திறக்க முன்பே கதையைத் திறந்தார்.

ஊர் நடுவே பழைய சதுக்கம் ஒன்றாம். பின்னால் மூன்று தட்டு வளைவுகள், மேலே இரட்டைக் கோபுரங்கள். முன்னால் மரத்தால் செய்த பெரிய தேர், வீட்டளவு உயரம், பக்கமெல்லாம் பின்னல் வேலை. இவர் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அரோகரா சொல்லி மூன்றுதரம் வலம் வந்திருக்கிறார். பிறகு குனிந்து அடியில் சில்லைத் தேடியிருக்கிறார். சில்லே இல்லை. அப்போதுதான் ஹமீத் காதுக்குள் சொன்னாராம்: இது தேரில்லை, நபியின் பேரன் ஹுசைனுடைய பாடையாக நினைத்துச் செய்தது, துக்கநாளில் இதுபோன்றவற்றை ஆண்கள் தோளில் சுமப்பார்கள். புவனேந்திரனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. வலமாகப் போன மூன்று சுற்றையும் இடமாகச் சுற்றிக் கழித்துவிட்டுத்தான் சப்பாத்தைப் போட்டாராம்.

பவளம் விழுந்து விழுந்து சிரித்தாள். சில்லில்லாத தேர், அதுவும் ஒரு முஸ்லிம் ஊரில். அவர் படத்தை எடுத்துக் காட்டினார். ஹமீத் கிட்ட நின்று எடுத்த படம். முழுக்க இவர் முகம், பின்னால் கொஞ்சம் மரச்சட்டம்.

“ஆரோ வீட்டு வேலித்தட்டிக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்திருக்கிறியள்” என்றாள்.

ஹமீத் வந்து சாட்சி சொன்னார். மாவுக்கு வணக்கம் சொல்லவைத்தவரின் சாட்சி எடுபடவில்லை. கோயிலிலும் கதை பரவியது. தேர்த்திருவிழாவில் ஆட்கள் அவரிடம், “அண்ணை, இந்தமுறை சில்லைக் கழட்டிப்போட்டுத் தூக்குவமோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்று வருசத்துக்குப் பிறகு கணையத்தில் நோய் வந்து, மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். ஒரு பின்னேரம் பவளத்தின் கையைப் பிடித்தார்.

“பவளம், மற்றதெல்லாம் விடும். அந்தத் தேர் மட்டும் உண்மையப்பா.”

“ஓம், ஓம்” என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் அந்தச் சிரிப்பு வீட்டைவிட்டுப் போகவில்லை. கடைசியாகச் சொன்னது பொய்யென்றால் அதுவும் அவர்தான், பரவாயில்லை. உண்மையென்றால்? அவள் ஹமீதைப் பிடித்து, சத்தியமாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், வந்து பாருங்கள் என்றார் அவர்.

அடுத்த வசந்தத்தில் ஹமீதோடும் அவர் மனைவியோடும் போனாள். சதுக்கத்தில் அது நின்றது. வேலித்தட்டி இல்லை. அண்ணாந்து பார்த்ததில் தலையில் கட்டியிருந்த துணி பின்னால் வழுக்கி விழுந்தது.

நிழலில் தேநீரோடு இருந்த கிழட்டுக் காவலாளி எழும்பி வந்து, அவளுடைய நிறத்தையும் பொட்டையும் உற்றுப் பார்த்துவிட்டு ஹமீதிடம் ஏதோ கேட்டார். ஹமீத் அதை மொழிபெயர்க்காமல் மழுப்பினார். கிழவரோ விடவில்லை. விரலால் காற்றில் வலப்பக்கம் மூன்று வட்டம் போட்டார். இடப்பக்கம் மூன்று. பிறகு முழங்காலைப் பிடித்துக் குனிந்து அடியில் எதையோ தேடிக் காட்டினார்.

பவளம் அழுதாள். கொஞ்சநேரம் விட்டு, அவர் என்னதான் கேட்கிறார் என்று ஹமீதை நெருக்கினாள்.

ஹமீத் தலையைச் சொறிந்தார். அன்று காவலாளி அதட்டிக்கொண்டு வந்தபோது, இவர் பழைய மரவேலைகளைப் பரிசோதிக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்று ஹமீத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாராம். புவனேந்திரனும் உடனே மரத்தைத் தட்டிப் பார்த்து, முடிவைப் பிறகு அறிவிப்பதாகச் சொன்னாராம். கிழவர் நாலு வருசமாகக் காத்திருக்கிறார். முடிவு என்ன?

இந்தப் பகுதியை மட்டும் புவனேந்திரன் வீட்டில் சொல்லவில்லை.

பவளம் கண்ணைத் துடைத்தாள். துணியைத் தலையில் சரியாக இழுத்துவிட்டாள். கிட்டப் போய் மரச்சட்டத்தை விரல் மொளியால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். பிறகு ஹமீதைப் பார்த்து, மரம் நல்ல பலம், இன்னும் நூறு வருசத்துக்குப் பயமில்லை, பேர்லினில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லச் சொன்னாள். ஹமீத் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதைச் சொன்னார். கிழவர் நெஞ்சில் கைவைத்து வணங்கினார்.

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். மெல்ல, இடமாகச் சுற்றத் தொடங்கினாள்.

“ஓம் அப்பா” என்றாள், ஒருதரம்.

ஐஸ்கிரீமோடு கிட்ட வந்த பெடியங்களை, பரிசோதனை நடக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று காவலாளி விரட்டிக்கொண்டிருந்தார்.