ஆடு கட்டும் கயிறு

அத்தாயி ஆஸ்பத்திரி வண்டிக்குள் ஆடு கட்டினாள் என்று தர்ம சபையின் கோப்பில் எழுதியிருக்கிறது. எழுதிய கை என்னுடையது. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவள் அந்த வண்டிக்குள் ஏற்றியதில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. மோட்டார் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கச் சபையார் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வண்டி செய்திருந்தார்கள். இரண்டு சக்கரம், பலகைச் சுவர், தகரக் கூரை. உள்ளே நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் மாடு பூட்டி இழுத்துவந்து, கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் நிறுத்திவிட்டார்கள். மேலே ஏற ரோடு கிடையாது. நோயாளியைத் தூளியில் போட்டு மூங்கிலில் கோத்துச் சுமந்துதான் இறங்க வேண்டும். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து, மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கம்பவுண்டரான நானும், கூட்டிப் பெருக்க வைத்த அத்தாயியும்தான்.

கூட்டிப் பெருக்கவாம்! மலைமேல், வளப்பூர் நாட்டு ஊர்களில் பாதிக் குழந்தைகள் அவள் கையில் பிறந்தவை. அது சபையாருக்குத் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

வண்டியை அவள் முதல் மழையிலேயே கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். கூரை ஆணி ஓட்டைகளில் ஒழுகிற்று. மலையிலிருந்து குங்கிலியம் கொண்டுவந்து எண்ணெயில் காய்ச்சி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். மருந்து பாட்டில்கள் சாய்ந்து உடைந்தன. மூங்கிலைப் பிளந்து, பாட்டில் கழுத்து அளவுக்குத் துளைபோட்டுத் தட்டு கட்டினாள். ஈரத்தில் பலகை பூசணம் பூக்காமல் வாரம் ஒரு முறை வேப்பிலைப் புகை போட்டாள். பட்டணத்து ஆசாரிக்குத் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றியது.

ஆனால் நடுவில் கிடந்ததே அந்த இரும்புக் கட்டில், அதுதான் எல்லாரையும் விரட்டியது. இடுப்பு உயரம், தரையோடு நட்டு போட்டு முடுக்கியது. பிள்ளை பெற இறங்கிவந்த பெண்கள் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, வந்த வழியே தூளியில் திரும்பினார்கள். நாலு பேர் அப்படிப் போனார்கள். அதில் ஒருத்தி பாதி வழியில் செத்துப்போனாள்.

அன்றைக்கு அத்தாயி என்னிடம் ஸ்பானர் கேட்டாள்.

"கட்டலக் கழட்டிப்போடறேனுங்க."

"மானேஜர் கேட்டா?"

"பொம்பளைக்குக் கால் தரையில ஊனோணுமுங்க. அந்தரத்துல படுத்துக்கிட்டு யாரு பெத்துக்குவா?"

கட்டில் வெளியே போயிற்று. கோரைப்பாய் உள்ளே வந்தது. கூரையின் குறுக்குச் சட்டத்துக்கு அவள் மூங்கிலால் முட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு தும்புக் கயிற்றைத் தொங்கவிட்டாள். உள்ளங்கை அறுபடாமலிருக்க, பிடிக்கும் இடத்தில் பழைய சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருந்தாள். மலையில் வலி வந்தவள் குத்தவைத்து, விட்டத்துக் கயிற்றைப் பிடித்துத்தான் பெறுவாள். அந்தக் கயிற்றைப் பற்றி ஆண்கள் காதுபட எந்தப் பெண்ணும் பேச மாட்டாள். பேசினால் பிரசவம் சிக்கும் என்பார்கள். நானும் கேட்டதில்லை. மூன்று மாதத்தில் ஐந்து குழந்தைகள் அங்கே பிறந்தன. வெளியே நின்ற எனக்கு எல்லாம் புரிந்திருந்தது.

சபையின் மானேஜர் அருணாசலம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். அப்படி ஒரு நாள் வந்தவர் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார், கயிற்றைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஊர் ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"இது என்னடி கயிறு? ஆடு கட்றியா?"

அத்தாயி கயிற்றைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நான் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க," என்றாள்.

கூட்டம் சிரித்தது. துணி சுற்றித் தைத்த கயிற்றில் எவன் ஐயா ஆடு கட்டுவான்? அந்த மனுஷனுக்குக் கண் இருந்ததா, இல்லையா? அவரை மட்டும் சொல்லி என்ன? கண்ணும் இருந்து, வாயும் இருந்து, நான் என்ன செய்தேன்? கயிற்றை அறுக்கச் சொன்னார், அறுத்தேன். கட்டிலைப் பூட்டச் சொன்னார், பூட்டினேன். 'வண்டிக்குள் ஆடு கட்டி அசுத்தம் செய்தாள். இனி உள்ளே வரக் கூடாது' என்று சொல்லச் சொல்ல எழுதினேன். அறுத்த கயிற்றை வண்டி மாட்டைக் கட்ட எடுத்துக்கொண்டேன். அவ்வளவு ரோஷம் கெட்டவன்.

எட்டாம் நாள் காலை, வாழவந்தி நாட்டிலிருந்து சின்னுசாமி தன் பெண்டாட்டி பொன்னாயியைத் தூளியில் கொண்டுவந்தான். இரண்டு நாள் வலி. கட்டிலில் ஏற்றினோம். கால் எதிலும் ஊன்றாமல் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எறக்கியுடுங்க, எறக்கியுடுங்க" என்று கதறினாள். அத்தாயி உள்ளே வரவில்லை. உத்தரவு. படிக்குக் கீழே நின்றபடி, "கண்ணு, பயப்படாத சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்னாயியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, என்ன செய்யலாம், சொல்லுங்க," என்றேன்.

"கயிறு எங்கீங்க?"

அவளே மாட்டின் கழுத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவிழ்த்து, வெந்நீரில் அலசி, பக்கத்துப் புங்க மரத்தின் கிளையில் கட்டினாள். கூட வந்த நாலு பெண்கள் பொன்னாயியை மரத்தடிக்கு இறக்கிவந்து, கம்பளியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். உச்சி வெயில் சாய்வதற்குள் குழந்தை அழுதது. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். பத்தடி தள்ளி, வெள்ளை பெயிண்ட் அடித்த வண்டி சும்மா நின்றது.

மறுநாள் நானே நட்டுகளைக் கழற்றிக் கட்டிலை வெளியே போட்டேன். சட்டத்தில் கயிற்றையும் நானே கட்டினேன். அத்தாயி முடிச்சை இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டாள்.

அடுத்த தடவை மானேஜர் வந்தார். அதே கூட்டம், அதே கயிறு. அவர் முகம் சிவந்துவிட்டது.

"மறுபடியும் ஆடா? எங்கே அவ?"

அத்தாயி வாயைத் திறந்தாள். உண்மையைப் போட்டு உடைத்து அவர் முகத்தில் கரியைப் பூச எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அது நான் சொல்லக்கூடிய பேச்சு இல்லை. அவள் காப்பாற்றி வைத்திருந்ததைப் பத்துப் பேர் முன்னால் நான் எப்படி அவிழ்ப்பேன்?

"ஆடு என்னுதுங்க. நான்தான் கட்டினேன்," என்றேன்.

"படிச்சவன்தானே நீ? எங்கே அந்த ஆடு?"

"மேயப் போயிருக்குதுங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அத்தாயி வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் வேலை அந்த இடத்திலேயே போயிற்று. போகட்டும். கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு மானேஜர் கிளம்பினார். அவர் இனி வர மூன்று மாதமாகும்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அத்தாயி வண்டிக்குள் ஏறி நின்று சட்டத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.