கீபோர்டின் மேல் விழுந்த பொன்னாடை

எங்கள் சித்தப்பா பறையைத் தொடமாட்டேன் என்று சொன்னது நான் பிறப்பதற்கு முன்பு. கீபோர்டைத் தொடாமலே வாசித்துக் காட்டியது எனக்குப் பத்து வயதானபோது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் முதலில் ஊர் வரும். ஊரைத் தாண்டினால் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. ஊரில் சாவு என்றாலும் திருவிழா என்றாலும் முன்பு தாத்தாவும் பிறகு அப்பாவும் பறையடிக்கப் போனார்கள். சித்தப்பா மட்டும் போகவில்லை. காலனி சர்ச்சில் கீபோர்டு கற்றுக்கொண்டார். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு, மாலையில் அங்கிருந்த பாட்டுக் கச்சேரிக் குழுவின் ஒத்திகையில் போய் நிற்பார். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் துபாய்க்குப் போய்விட, குழுவை நடத்தியவர் கருவியையே சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். ஆடி மாதம் முழுக்கக் கச்சேரி. முதல் கச்சேரி எங்கள் ஊர் அம்மன் கோயில் கூழ்த் திருவிழாவிலேயே அமைந்தது.

"ஞாயித்துக்கெழம ஏசு, வெள்ளிக்கெழம அம்மனா? ரெண்டு பேரும் கோச்சிக்கப் போறாங்க" என்றாள் அம்மா.

"அவங்க சண்டைய அவங்க பாத்துப்பாங்க. நீ கொஞ்சம் வாசல மறச்சிக்கினு நில்லு அண்ணி, வெளிச்சம் படுது."

வெளிச்சம்தான் பிரச்சினை. அந்தக் கீபோர்டின் இடது ஓரத்தில் சிறு கறுப்புக் கண் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணுக்கு மேலே காற்றில் கையை நீட்டினால் போதும், கறுப்பு வெள்ளைக் கட்டை எதையும் தொடாமல் குரல் எழும். கையைக் கீழே இறக்க இறக்கக் குரல் மேலே ஏறும். விரல்களை நடுங்கவிட்டால் அதுவும் நடுங்கும். வெயில் நேராக விழுந்தால் கண் மிரண்டுபோகும், சொன்னபடி கேட்காது. அதனால் சித்தப்பா வாசலில் அம்மாவின் பழம்புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே வியர்வை வழியப் பழகினார். ஒரு விரல் அளவு தவறினாலும் சுதி போய்விடும். போகும். மறுபடி ஆரம்பிப்பார். நாய் ஊளையிடுகிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கல்லெடுத்துக்கொண்டு வந்ததும் உண்டு.

அம்மன் பாட்டுக்கு நடுவில் இந்தக் குரலைக் கொண்டுவருவது அவர் திட்டம். இடது கை மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கும், அது பிடித்திருக்கும்வரை தாளமும் கிட்டாரும் தானே ஓடும். வலது கை கடைசி வரியை வாசித்து முடித்த அதே கணத்தில் காற்றுக்குப் போக வேண்டும். பொத்தானை அழுத்த மூன்றாவது கை வேண்டும். அந்தக் கை நான்தான். அவர் தலையைச் சாய்த்தால் அழுத்த வேண்டும், வாசித்து முடித்ததும் மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும். பள்ளியில் சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட இதைப் பழகினேன். என்னைவிட இந்த வேலையைச் சரியாகச் செய்யக்கூடியவன் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: "மேடையில பாடறவங்க, வாசிக்கறவங்க எல்லாருக்கும் பொன்னாட போத்துவாங்க அண்ணி. எனக்கும் போத்தணும்."

"ஏன், வூட்ல துண்டு இல்லியா?"

"துண்டு கீது. போத்தறதுக்கு ஊர்க்காரங்க கை இல்லியே."

அம்மா அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. எனக்கோ ஒரு துணிக்கு இவ்வளவு ஆசையா என்றிருந்தது.

கோயிலுக்கு எதிரே மேடை. பொழுது சாயும் நேரம். விழாக் குழுத் தலைவர் எங்கள் அப்பா வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரர். மேடையில் சித்தப்பாவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாடா, ஒங்க ஆளுங்க மோளத்தோட கீழ நிக்கிறாங்க, நீ மேல ஏறிக்கினு கீற?"

"அது வேற, இது வேற ஐயா" என்றார் சித்தப்பா, வயரைச் சொருகிக்கொண்டே.

பாட்டு தொடங்கியது. கடைசி வரியில் அவர் தலை சாய்ந்தது. அழுத்தினேன். அவருடைய வலது கை காற்றில் இறங்கியது. மைக் செட்டிலிருந்து ஒரு குரல் எழுந்து கோபுரத்துக்கு மேலே போனது. பெண்கள் கூழ்ச்சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "தொடாமயே வாசிக்கிறான்டா!" என்று யாரோ கத்த, ஒரே விசில். நான் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தேன், அத்தனை விசிலும் எனக்குத்தான் என்பதுபோல. அணைக்க மறந்துபோனேன்.

அங்கேயே கச்சேரியை நிறுத்தி, பொன்னாடை என்று அறிவித்தார்கள். தலைவர் மேடையேறிப் பாடகருக்குப் போர்த்தினார். தபலாக்காரருக்கும் கிட்டார்காரருக்கும் போர்த்தி, தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு படியிறங்கிவிட்டார். மைக்கில் "அடுத்து கீபோர்டு" என்றார்கள். சித்தப்பா எழுந்து நின்றார். தலைவர் கீழே இருந்தபடியே, "பிடிடா" என்று மடித்த பொன்னாடையை வீசினார்.

சித்தப்பா கை நீட்டவில்லை. துணி காற்றில் விரிந்து கீபோர்டின் மேல் விழுந்து, கறுப்புக் கண்ணை மூடிக்கொண்டது. உடனே ஓர் ஊளை. நிற்கவேயில்லை. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"எடுத்துப் போடுடா அத!" என்றார் தலைவர்.

சித்தப்பா மைக்கை அருகில் இழுத்து மிகவும் பணிவாகச் சொன்னார்: "நான் தொட்டா செட்டிங் மாறிடும் ஐயா. அம்மன் பாட்டு பாதியில நின்னுடும். போட்ட கையாலயே எடுத்துடுங்க."

"எடுங்க ஐயா, காது கிழியுது, பேஜாரா கீது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "அம்மன் காரியம், எடுங்க!" என்றார் பூசாரி. தலைவர் சுற்றிலும் பார்த்தார். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படியிலும் வைத்தார். ஊர் மொத்தமும் அந்தக் காலைப் பார்த்தது. சித்தப்பா கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, தோள்களை முன்னே கொடுத்து நின்றார்.

செட்டிங் மாறாது என்பது எனக்குத் தெரியும். துணியைத் தூக்கினால் ஊளை நின்றுவிடும், பொத்தானை அணைத்தாலும் நின்றுவிடும். அணைக்க மறந்தது நான். பயத்தில் சித்தப்பாவுக்கும் பொத்தான் மறந்துபோய்விட்டது, அதனால்தான் இப்படி உளறுகிறார் என்று நினைத்தேன். துணிக்கு அடியில் கைவிட்டுத் துழாவி அழுத்தினேன்.

ஊளை நின்றது. தலைவரின் காலும் மூன்றாவது படிக்கு வராமல் நின்றது.

"அட, பொடியனே நிறுத்திட்டான்! கெட்டிக்காரன்டா!" என்று சிரித்தபடி அவர் இறங்கிப் போனார். எனக்குக் கைதட்டினார்கள். சித்தப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு துணியைத் தானே எடுத்து, மடித்து, கீபோர்டின் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்து மீதிப் பாட்டை வாசித்தார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "போத்தினாங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "கீபோர்டு ஊள வுட்டுச்சும்மா! சித்தப்பா பட்டன மறந்துட்டாரு. தலைவர் எடுக்க வந்துக்கினே இருந்தாரு, அதுக்குள்ள நான் அணச்சிட்டேன்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி, மறந்துட்டேன்" என்றார் அவர். "பையன்தான் காப்பாத்துனான்."

அந்தச் சொல்லை உண்மை என்று நம்பி, பின்னால் கல்லூரி நண்பர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஊரே சேர்ந்து அந்த மனிதரைப் படியேற்றியது. இறக்கிவிட்டது நான். இன்று அவருடைய அன்றைய வயதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவர் இல்லை.

திருவிழாவுக்கு மறுநாள் விடியும்போதே வாசலில் பழம்புடவை தொங்கியது. அடுத்த வாரம் திருப்புலிவனத்தில் கச்சேரி. எழுந்து போய்ப் பார்த்தேன். வலது கை கட்டைகளிலிருந்து காற்றுக்குத் தாவும் வழியிலேயே, அதன் சுண்டுவிரலால் பொத்தானைத் தட்டப் பழகிக்கொண்டிருந்தார் சித்தப்பா. தவறியது. மறுபடி ஆரம்பித்தார். எனக்குக் கிடைத்த கைதட்டலைப் பொறுக்காமல்தான் என் வேலையைப் பறிக்கிறார் என்று எண்ணி, அந்த ஆடி மாதம் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.